உருபுக்கு முன் உறவு: தாமிரபரணிக் கரை இலக்கணங்களும் செயற்கை மொழியின் பெயரியலும்

செயற்கை மொழி ஆக்க முனைவோர் பெயர்ச்சொல் இலக்கணத்தைப் பெரும்பாலும் வேற்றுமைப் பட்டியலிலிருந்தே தொடங்குகின்றனர். எத்தனை வேற்றுமை வேண்டும் என்பதே முதற்கேள்வியாகிவிடுகிறது. 1887இல் எசுப்பெராந்தோவை வெளியிட்ட சாமன்ஹாஃப், பன்மைக்கு ஓர் ஈறும் செயப்படுபொருளுக்கு ஓர் ஈறும் வகுத்து, ஏனைய உறவுகளைப் பெரும்பாலும் முன்னிடைச் சொற்களிடம் விட்டார். எண்ணிக்கை முதற்கேள்வியாக இருக்கலாகாது என்பதே என் வாதம். பெயர் வினையோடு கொள்ளும் உறவு வேறு. அதைக் காட்டும் உருபு வேறு. முன்னதை வகுத்த பின்னரே பின்னதை எண்ண இயலும்.

இவ்வேறுபாட்டை 17ஆம் நூற்றாண்டில் பெருமுயற்சியோடு ஆராய்ந்தவர்கள் தாமிரபரணிக் கரையினர். ஆழ்வார்திருநகரிச் சுப்பிரமணிய தீட்சிதர் பிரயோக விவேகம் செய்தார். நெல்லை மயிலேறும் பெருமாள் பிள்ளையிடம் தமிழும், செப்பறைக் கனகசபாபதி சிவாசாரியாரிடம் வடமொழியும் கற்ற சுவாமிநாத தேசிகர் இலக்கணக்கொத்து இயற்றினார். இரு நூல்களும் எழுத்திலக்கணத்தைத் தனிப் பகுதியாக வைக்காமல் வேற்றுமையிலேயே தொடங்குகின்றன. தீட்சிதரின் முதற்படலத்தின் பெயரே காரக படலம்; பெயர் வினையோடு கொள்ளும் உறவையே வடமொழி இலக்கணம் காரகம் என்கிறது. தச்சன் கோயிலைக் கட்டினான், கோயில் தச்சனால் கட்டப்பட்டது என்னும் இரண்டிலும் தச்சனே வினைமுதல். உருபு மாறியும் உறவு மாறவில்லை. தமிழை வடமொழிச் சட்டத்துக்குள் திணித்த நூல் என்று பிரயோக விவேகத்தைப் பலர் ஒதுக்கியதுண்டு. சமாசம் (தொகை), தத்திதம் (பெயரடியாகப் பிறக்கும் சொல்) பற்றிய பகுதிகளைப் பொறுத்தவரை அந்தக் குறை எனக்கும் உடன்பாடே. காரகத்தையும் சேர்த்துத் தள்ளியதுதான் இழப்பு.

இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் மறுமுனையிலிருந்து வந்தது. ஆல், ஓடு என்னும் பொருள் வேறான இரண்டு உருபுகளும் மூன்றாம் வேற்றுமை என ஒன்றாக்கப்பட்டதற்கு வடமொழி வாய்பாடே காரணம் என்றார். பெயரோடு சேரும் ஒவ்வொரு பின்னொட்டும் தனி வேற்றுமையே என்றும் கருதினார். முதற்கூற்று கூர்மையானது. இரண்டாவதை ஏற்றால் பட்டியலுக்கு முடிவே இராது. இருந்து, மேல், வரை, பற்றி என நீண்டுகொண்டே போகும்.

இவ்விரு தரப்பும் போதிய இடம் தராத ஒன்று, திணை உருபின் மேல் செலுத்தும் ஆட்சி. 'பெட்டியில் பணம் இருக்கிறது' என்கிறோம். 'அவனில் பணம் இருக்கிறது' என்பதில்லை, 'அவனிடம்' என்கிறோம். 'மரம் வெட்டினான்' என்று ஐ உருபை விட்டுச் சொல்லலாம்; 'முருகன் பார்த்தான்' என்றால் பார்த்தவன் முருகனாகிவிடுவான். உறவு ஒன்றே; பெயர் உயர்திணையா அஃறிணையா என்பதே பெரும்பாலும் உருபைத் தீர்மானிக்கிறது. உறவுக்கு ஓர் உருபு என்று நேர்கோடு போட்டு வகுத்த மொழியில் இந்த நுட்பத்துக்கு இடமே இராது. மொழியாக்குவோர்க்குத் தமிழ் தரக்கூடிய மிகச் சிறந்த கொடை இதுவென்றே கருதுகிறேன்.

காரகத்திலும் ஒரு போதாமை உண்டு. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் 'எனக்கு' எந்த உறவு? விருப்பப் பொருள் வினைகளில் விரும்புவோனை வடமொழி இலக்கணி பாணினி சம்பிரதானத்தில், அதாவது கொடை பெறுவோனோடு, சேர்த்தார். தமிழில் அது பொருந்தாது என்பதற்குத் 'தன்' என்னும் சொல்லே சான்று. 'முருகன் கண்ணனுக்குத் தன் வீட்டைக் கொடுத்தான்' என்றால் வீடு கொடுத்த முருகனுடையது, பெற்ற கண்ணனுடையதன்று. 'கண்ணனுக்குத் தன் வீட்டைப் பிடிக்கும்' என்றாலோ வீடு கண்ணனுடையதே. இரண்டிலும் உருபு கு. ஆயினும் இரண்டாவது வாக்கியத்தில் கண்ணன் எழுவாய்க்குரிய ஆற்றலைப் பெற்றிருக்கிறான். ஆறு காரகங்களோடு உணர்வோன் என ஏழாவது ஒன்றைச் சேர்த்த பிறகுதான் நான்காம் உருபை வகுக்கத் தொடங்க வேண்டும்.