சரக்கு வண்டிக்காரரின் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்குள் அதன் துணி ஊரையே சுற்றி வந்துவிடும். நூல் நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், பேக்கிங். பெரும்பாலும் ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு கூரைக்குக் கீழே நடக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டரோ மூன்று கிலோமீட்டரோ, மிஞ்சினால் பத்தோ இருக்கும். அந்த இடைவெளிதான் பல ஆயிரம் வண்டிக்காரர்களுக்குச் சோறு போடுகிறது. நான் ஒரு நிட்டிங் கம்பெனியில் டெலிவரி சலான் எழுதியவன். லோடு ஏறும்வரை ஓட்டுநர்கள் என் மேசைப் பக்கம்தான் நிற்பார்கள். எந்த வண்டி வாங்கலாம், எதை வாங்கிக் கெட்டோம் என்ற பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும்.

முதலில் மாட்டு வண்டி. அதிலேயே மரச்சக்கரம் போய் டயர் வந்தது. பிறகு மூன்று சக்கர டெம்போ. ஜெர்மன் நிறுவனமொன்றின் கூட்டில் பஜாஜ் டெம்போ கம்பெனி 1950களின் கடைசியில் ‘ஹேன்சீட்’ வண்டியை இந்தியாவில் செய்யத் தொடங்கியது. அதற்குப் பின் மேட்டடார், லோடு ஆட்டோ என்று வரிசை நீண்டது. பனியன் துணிக்கு எடை குறைவு, இடம்தான் அதிகம் வேண்டும். இருபது, இருபத்தைந்து கிலோ ரோல்களை மேலே மேலே அடுக்கிக் கயிறு கட்டினால், மூன்று சக்கர வண்டி வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். லாரியோ சந்துக்குள் நுழையாது. நுழைந்தாலும் அந்த அரை லோடுக்கு வாடகை கட்டுப்படியாகாது.

இந்த இரண்டுக்கும் நடுவே 2005 மே மாதம் வந்தது டாடா ஏஸ். நம் ஊரில் அது குட்டி யானை. கிரீஷ் வாக் தலைமையில் அதை வடிவமைத்த குழு, மூன்று சக்கர வண்டிக்காரர்களைத் தேடிப் போய் என்ன வேண்டும் என்று கேட்டது. நாலு சக்கர வண்டி இருந்தால் கிராமத்தில் பெண் கிடைப்பது சுலபம் என்று ஓர் ஓட்டுநர் சொன்னதை அந்த நிறுவனத்தார் பிற்பாடு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் அடங்கியதால் பர்மிட் வேண்டியதில்லை. 2012க்குள் பத்து லட்சம் வண்டிகள் விற்றன. 2011இல் ஒன்றேகால் டன் பாரத்துக்கு அசோக் லேலண்டின் தோஸ்த் ஓசூரிலிருந்து வந்தது.

அதே 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நதிக்கு அது தேவையான தீர்ப்பு. ஆனால் சாயம் நின்றதும் துணியின் ஓட்டம் நின்றது, வண்டியும் நின்றது. பைனான்ஸ் டியூ மட்டும் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த பலர் அந்த மாதங்களில் குட்டி யானையை விற்றார்கள். நஷ்டத்துக்குத்தான் விற்றார்கள், ஆனாலும் விற்க முடிந்தது. காய்கறிக்காரர் வாங்கினார், தண்ணீர் கேன் போடுபவர் வாங்கினார். எந்த ஊர் மெக்கானிக்கும் தொடக்கூடிய எஞ்சின் என்பதால் வாங்க ஆள் இருந்தது. கடன் மூழ்கடிக்காமல் அவர்களைக் கரை சேர்த்தது அந்த மறுவிற்பனை விலைதான்.

மின்சார வண்டியைப் பற்றி இன்று ஓட்டுநர்கள் கேட்பதை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். 2022 மே மாதம் டாடா ஏஸ் இ.வி. அறிமுகமானது. 21.3 கிலோவாட் மணி பேட்டரி, 600 கிலோ பாரம், சோதனைக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர். விளம்பரம் இந்த 154ஐ முன்னால் நிறுத்தியது. திருப்பூர்க்காரருக்கோ அது பெரிய கவலையே இல்லை. நாள் முழுக்க ஓடினாலும் உள்ளூர் வண்டி எழுபது, எண்பது கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். லோடு ஏறி இறங்கக் காத்திருக்கும் நேரமே அதிகம். மின்சார வண்டியானால் அப்போது டீசல் வீணாவதும் இல்லை. ராத்திரி வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கிறது. மின்சார வண்டிக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது கடினம்.

அவர்கள் கேட்பது வேறு. மழைக்கு ஊரின் ஒற்றைக்கண் பாலத்தடியில் தண்ணீர் தேங்கினால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாதா? ரோல் கூடுதலாக ஏற்றினால் தாங்குமா? பழுதானால் பட்டறையில் பார்ப்பார்களா, கம்பெனிக்கே கொண்டுபோக வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலே, முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டது: “ஏனுங் தம்பி, அஞ்சு வருசம் கழிச்சு இதை ஆருங்க வாங்குவாங்க?”

2005இல் தனி வண்டிக்காரரைக் கேட்டு வண்டி செய்தார்கள். 2022இல் அறிமுக மேடையிலேயே அமேசான், பிளிப்கார்ட், பிக்பாஸ்கெட் போன்ற நிறுவனங்களோடு 39,000 வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பெரிய நிறுவனத்துக்குச் சார்ஜ் நிலையமும் பராமரிப்பு ஒப்பந்தமும் இருக்கும். நூறு வண்டியில் ஒன்று நின்றால் தொண்ணூற்றொன்பது ஓடும். ஒற்றை வண்டிக்காரருக்கு அந்த ஒன்றுதான் எல்லாம். 2025 ஜூனில் வந்த ஏஸ் புரோ அவர் பக்கம் திரும்பியிருப்பது நல்ல செய்தி. ஆனால் அறிமுகத்தின்போது அதன் பெட்ரோல் வண்டி 3.99 லட்சத்தில் தொடங்க, மின்சார வண்டி 6.50 லட்சமாக இருந்தது. ஓட்டச் செலவு மிச்சமாகி அந்த இரண்டரை லட்சம் மெல்லத் திரும்பும் என்பது உண்மைதான். அதுவரை வேலை நிற்காமல் இருக்க வேண்டும் என்பதும் உண்மை. 2011ஐக் கண்டவர்கள் இந்த இரண்டாவதை மறக்க மாட்டார்கள்.

அவர்கள் தயங்குவதைப் பார்த்து, புதுமைக்குப் பயப்படுகிறார்கள் என்று சொல்வது அநியாயம். மாட்டிலிருந்து டெம்போவுக்கும், டெம்போவிலிருந்து குட்டி யானைக்கும் துணிந்து மாறியவர்கள் இவர்களே. சாயக்கழிவும் டீசல் புகையும் சுமந்த இந்த ஊருக்கு மின்சார வண்டி வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதற்குக் கிலோமீட்டரைக் கூட்டினால் மட்டும் போதாது. பழைய வண்டியை இன்ன விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி எழுதித் தரட்டும். பேட்டரி உத்தரவாதம் வண்டியை அடுத்து வாங்குபவருக்கும் செல்லட்டும். திருப்பூர் ராயபுரத்து மெக்கானிக் பட்டறைப் பையன்களுக்கு மோட்டாரும் வயரிங்கும் கற்றுக்கொடுக்கட்டும். இந்த மூன்றும் நடந்தால் அந்தப் பெரியவரே முதல் ஆளாக முன்பணம் கட்டுவார்.