பங்களா சிம்னியும் லயத்து அடுப்பும்



நம் தெமோதரைப் பக்கம் பழைய பங்களா ஒன்றைத் திருத்துகிறார்கள். முன்னறையில் கல்லால் கட்டிய குளிர்காயும் அடுப்பு இருக்கிறது. அதற்குள் வைக்க, பாவித்த இரும்பு விறகடுப்பு ஒன்றும் வாங்கி வந்திருக்கிறார்கள். "குழாயை சிம்னிக்குள்ள நுழைச்சா போதும்தானே சேர்?" என்று மேசன் பாஸ் கேட்டார்.

போதாது. ஏன் என்பதில் ஒரு சரித்திரமே இருக்கிறது.

கோப்பியும் பிறகு தேயிலையும் நட வந்த வெள்ளைக்காரத் துரைமார், தங்கள் குளிர் நாட்டு வீட்டின் அடுப்பையும் மலைக்குக் கொண்டு வந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் திறந்த அடுப்பில் பெரும்பகுதிச் சூடு சிம்னி வழியே போய்விடும், அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இந்தக் குறையை மேல்நாட்டார் முன்பே கண்டுவிட்டார்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்ளின் 1740களில் இரும்பு அடுப்பு செய்தார். 1796இல் ரம்ஃபோர்ட் பிரபு, அடுப்பின் ஆழத்தையும் சிம்னியின் கழுத்தையும் குறைத்துக் கட்டும்படி எழுதினார். இரண்டு பேரும் செய்தது ஒன்றே: நெருப்பை விட, புகையின் பாதையைச் சரி செய்தார்கள்.

பாஸுக்கு நான் சொன்னதும் அதுதான். அகலமான கல் சிம்னிக்குள் புகை ஆறிவிடும், மேலே ஏறாது. தார் போன்ற கரி சுவரில் படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். ஆகவே அடுப்பு வாயின் அளவுக்கு ஏற்ற உலோகக் குழாயை சிம்னியின் உச்சி வரை கொண்டுபோக வேண்டும். கீழே சுற்றியுள்ள இடைவெளியை நன்றாக அடைக்க வேண்டும். முதலில் பழைய கரி, குருவிக்கூடு, சுவர் வெடிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். காய்ந்த விறகே எரிக்க வேண்டும். கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுக்கும்.

வீடு திரும்பும்போது மனதில் வேறொன்று ஓடியது. துரை வீட்டுக்கு, சமையலுக்குக்கூட அல்ல, குளிர்காய்வதற்கு மட்டும் ஒரு சிம்னி. அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் வாழ்ந்தது 10க்கு 12 அடி லயத்துக் காம்பராவில். குடும்பம் முழுக்கப் படுக்கும் அதே சுவருக்குள்ளோ பக்கத்திலோ அடுப்பு. புகைக்கு வழி, கூரையின் இடுக்குதான். பச்சை விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த தாய்மார் எத்தனை பேர்! எங்கள் உம்மாவும் ஊதுகுழலோடுதான் வாழ்ந்தார்.

1980களில் நம் நாட்டில் "அனகி" என்ற களிமண் அடுப்பு பரவியது. ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கலாம், விறகு மிச்சம். ஆனால் அதற்கும் சிம்னி கிடையாது. வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

பதுளைக்கு ரயில் வந்து (1924) நூறு ஆண்டு கடந்துவிட்டது. கேஸ் விலை ஏறும் போதெல்லாம் நாம் மீண்டும் விறகுக்கே போகிறோம். பங்களாவுக்குக் குழாய் பூட்டுகிற அதே பாஸ், லயத்துச் சமையலறைக்கும் ஒரு புகைபோக்கி வைக்க முடியாதா? பெரிய செலவு இல்லை. புதிதாகக் கட்டும் வீடுகளிலாவது அடுப்பங்கரையின் படத்தை முதலில் பாருங்கள்.

உங்கள் வீட்டு அடுப்பில் புகை எப்படி வெளியே போகிறது? கொமெண்டில் எழுதுங்கள். நல்ல முறை இருந்தால் மற்றவர்களுக்கும் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.