பேசினா சரியாயிடுமா?

தீயணைப்பு வண்டி மணியடிச்சுக்கிட்டுப் போனா நாம எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். தீ அணைஞ்சதும் நம்ம வேலையைப் பார்க்கப் போயிடுவோம். ஆனா கருகிய குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்தவர் அன்னிக்கு ராத்திரி எப்படித் தூங்குவார்?

அமெரிக்காவில் ரொம்ப காலத்துக்கு இதுக்கு ஒரே பதில்தான்: "தாங்க முடியாதவன் இந்த வேலைக்கு ஏன் வந்தே?" நிலையத்துக்குத் திரும்பி வண்டியைக் கழுவணும், ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும், சாவை வச்சே ஜோக் அடிக்கணும். அழுதா அவன் லாயக்கில்லாதவன்.

1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், பேரதிர்ச்சிக்குப் பின்னால் வரும் மன உளைச்சலைத் தன் கையேட்டில் ஒரு நோயாகச் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பின சிப்பாய்கள் அதுக்கு முக்கியக் காரணம். 1983-ல் ஜெஃப்ரி மிட்செல் ஒரு கட்டுரை எழுதினார். தீயணைப்பிலும் ஆம்புலன்ஸிலும் வேலை பார்த்துட்டு உளவியல் பக்கம் வந்தவர் அவர். மோசமான சம்பவம் நடந்து 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவையே உட்கார வைச்சுப் பேச வைக்கணும்னார். என்ன நடந்தது, முதல்ல என்ன தோணிச்சு, எது ரொம்ப வலிச்சது என்று படிப்படியாக, மொத்தம் ஏழு கட்டம். கூடவே அதே தொழில்ல இருக்கிற, பயிற்சி பெற்ற ஒருத்தரும் இருப்பார்.

இதுல பெரிய விஷயம், கை நடுங்கினா அது கோழைத்தனம் இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொன்னதுதான். முறை உலகம் முழுக்கப் பரவிச்சு. சில இடங்கள்ல கட்டாயமாகவும் ஆச்சு. விபத்தில் அடிபட்டவங்க, தீக்காயம் பட்டவங்கன்னு தனி ஆட்களுக்கும் ஒரே ஒரு தடவை உட்கார வைச்சு இதைச் செய்ய ஆரம்பிச்சாங்க.

அப்புறம்தான் சோதிச்சுப் பார்த்தாங்க. 1997-ல் பிரிட்டனில் தீக்காய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. 13 மாசம் கழிச்சு, பேச வைக்கப்பட்டவங்கள்ல 26 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருந்தது. பேச வைக்கப்படாதவங்கள்ல 9 சதவீதம்தான்! பேச வைச்ச குழுவுக்கு ஆரம்பத்திலேயே காயம் அதிகம் என்ற வாதமும் உண்டு. ஆனா 2002-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும், தனி ஆளை ஒரு தடவை உட்கார வைச்சுப் பேச வைக்கிறது நோயைத் தடுக்கலைன்னுதான் சொன்னது. 2005-ல் பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டி, இதை வழக்கமா செய்யவேண்டாம்னு எழுதிடுச்சு. மிட்செல் தரப்போட பதில்: "இது குழுவுக்காகச் செய்த முறை, தனி நோயாளிக்கு இல்லை." நியாயம்தான்.

1990-களில் பிரிட்டனின் ராயல் மரீன் படை வேற வழி பிடிச்சது. சக வீரர்கள்லயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, யார் தடுமாறறாங்கன்னு கவனிச்சு, தேவைப்பட்டா மருத்துவர்கிட்ட அனுப்பறது. பிறகு அங்கே போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ்லயும் இதை எடுத்துக்கிட்டாங்க.

எனக்குத் தோணறது இதுதான். "வாயைத் திறக்காதே"ன்னு சொன்னதும் தப்பு. "இப்பவே வாயைத் திற"ன்னு சொன்னதும் தப்பு. ரெண்டுலயும் அந்த ஆளை யாரும் கேட்கவே இல்லை. பேசணும்னு அவருக்குத் தோணற அன்னிக்கு, வேலை போயிடுமோ, பேர் கெட்டுடுமோங்கற பயம் இல்லாம பேச ஒரு ஆள் இருக்கணும். அது பக்கத்துல உட்கார்ந்து வண்டி கழுவறவராகவே இருந்தா இன்னும் நல்லது.