துண்டுக்குள்ளே விரல், முதுகுமேலே கை

இன்னைக்கு ஆட்டைப் பற்றிப் பேசப்போறோம். சரியாகச் சொன்னால், நாலு ஆடு நிற்கும்போது இது முதல், இது கடைசி என்று மனுஷன் எப்படித் தீர்மானிச்சான் என்கிற வரலாறு.

எங்க வீடு கோரிமேட்டில். திண்டிவனம் ரோட்டில் கொஞ்சம் போனாலே தமிழ்நாடு வந்துடும். தாத்தா கறிக்கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே செஞ்சி சந்தைக்குக் கிளம்பிடுவார். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒருமுறை கூடப் போனேன். "இதுல எது நல்லதுடா?" என்று கேட்டார். வயிறு பெருத்த ஒரு கிடாக்குட்டியைக் காட்டினேன். தாத்தா சிரிக்கவே இல்லை. என் கையைப் பிடித்து அதன் இடுப்புக்கு மேலே, முதுகெலும்பில் வைத்தார். எலும்பு கத்தி மாதிரி குத்துச்சு. "தண்ணி காட்டிக் கொண்டாந்திருக்கான். வயித்தையா கறின்னு விக்கிறது?" பக்கத்தில் நின்ற சின்னக் குட்டியின் முதுகில் விரல் அமுங்கியது. அதன் வாயைத் திறந்து பால் பல் இன்னும் விழலைன்னு பார்த்துவிட்டு, தரகரோடு துண்டுக்குள் கைவிட்டு விரலாலேயே விலை பேசி முடித்தார்.

இந்த முதுகைத் தடவிப் பார்க்கிற வித்தைக்கு 1961இல் எண் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஜெஃப்ரிஸ் என்பவர், இடுப்புப் பகுதியில் எலும்பு எவ்வளவு தட்டுப்படுது, சதையும் கொழுப்பும் எவ்வளவு மூடியிருக்கு என்று பார்த்து மதிப்பெண் போடும் முறையை எழுதினார். இன்னைக்கு உலகம் முழுக்கக் கால்நடை மாணவர்கள் அதைப் படிக்கிறாங்க. எங்க ஊருக்குப் பக்கத்தில் குரும்பாபேட்டு கால்நடைக் கல்லூரியில் படித்த ஒரு தம்பி இதை எனக்கு விளக்கினப்போ, தாத்தா நினைவுதான் வந்தது. ஒரே வித்தியாசம், தாத்தா தன் கணக்கை யாருக்கும் சொல்லமாட்டார். துண்டு எதுக்கு இருக்கு!

கண்காட்சி நடுவரோ வாய்விட்டுக் காரணம் சொல்லியாகணும். அமெரிக்காவில் மாணவர்களுக்கு நடக்கும் போட்டிகளில் ஒரு வகுப்புக்கு நாலு ஆடு, வரிசைக்கு 50 மதிப்பெண். "முதல் ஆட்டுக்கு இடுப்பு அகலம், பின்தொடை திரட்சி, இரண்டாவது நீளம், ஆனா சதை குறைவு" என்று தனியாகக் காரணமும் சொல்லணும். எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். தப்பாகத் தீர்ப்பு சொன்னாலும் எங்கே தப்பு என்று மற்றவங்களுக்குத் தெரிந்துவிடும்.

சரி, யார் தீர்மானிச்சது எது நல்ல ஆடு என்று? இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் (1725–1795) லெஸ்டர் செம்மறியைச் சீக்கிரம் கொழுக்கிற மாதிரி வளர்த்தெடுத்தார். 1798இல் ஸ்மித்ஃபீல்ட் சங்கம் தொடங்கி, லண்டனில் கொழுத்த ஆடுமாடுகளுக்குப் பரிசு கொடுக்க ஆரம்பிச்சது. அந்தக் காலத்து ஓவியங்களைப் பாருங்க, ஆடு பெட்டி மாதிரி இருக்கும், நாலு குச்சிக்கால் மேல. அன்றைக்குக் கொழுப்புக்கு மதிப்பு. உழைக்கிறவங்க சாப்பாட்டுக்கும் மெழுகுவத்திக்கும் அது வேணும். பிறகு ஜனங்க கொழுப்பில்லாத கறி கேட்டாங்க, பரிசு வாங்கின உருவமும் மாறிப்போச்சு.

நம்ம ஊருக்கு வந்தால் சங்கடம் இங்கேதான். செங்கல்பட்டுப் பக்கத்து மெட்ராஸ் சிவப்பு, சேலத்து மேச்சேரி, இரண்டுமே கம்பளி இல்லாத, குட்டை ரோமச் செம்மறி. வளர்ந்த கிடா சுமார் 35 கிலோதான். சஃபோக் கிடா 100 கிலோவைத் தாண்டும். இரண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினால் நம்ம ஆடு கடைசிதான். ஆனா மேச்சேரி ஆட்டுத் தோலுக்குத் தோல் வியாபாரிங்க தனி மதிப்பு வைத்திருக்காங்க; நம்ம வெயிலும் காய்ந்த மேய்ச்சலும் அதுக்குப் பழக்கம். உருவத்துக்கு மட்டும் பரிசு கொடுத்தா இதெல்லாம் கணக்கிலேயே வராது.

அதனால் காட்டுப்பாக்கத்தில் மெட்ராஸ் சிவப்பையும், 1978இல் பொட்டனேரியில் தொடங்கிய நிலையத்தில் மேச்சேரியையும் அந்தந்த இனத்துக்குள்ளேயே ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. குட்டியை இன்ன வயசில் நிறுத்து, எடை பார்த்து, நல்ல கிடாவை மந்தைக்கு விடறாங்க. தராசு பொய் சொல்லாது என்பாங்க. வயிறு நிறையத் தண்ணி குடிச்ச ஆட்டை நிறுத்தால் அதுவும் சொல்லும். தாத்தா அந்தச் சின்னக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தும் இரண்டு நாள் கழித்துதான் அறுத்தார். அதுவரை காலையும் சாயங்காலமும் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.