உப்புக்காற்றும் பியானோவும் - ஒரு சிறு வரலாறு



ராமேஸ்வரம் பக்கம் ஜன்னல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அடைமழையில் மரக்கதவு ஊதிப்போய்ச் சாத்த முடியாது. இரும்புக்கும் மரத்துக்கும் வரும் இந்த இரண்டு தொல்லையும் ஒரே பொருளுக்குள் வந்தால் எப்படி இருக்கும்? அந்தப் பொருள்தான் பியானோ!

1700-ஐ ஒட்டி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி என்பவர் செய்த கருவி இது. இன்றைய பியானோவில் 200-க்கும் மேற்பட்ட எஃகுக் கம்பிகள் உண்டு. அவற்றின் மொத்த இழுவிசை சுமார் 18 டன். கம்பிகளின் அதிர்வைப் பெரிதாக்கிக் கொடுப்பது மெல்லிய மர ஒலிப்பலகை. காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் பலகை உப்பிக் கம்பிகளை மேலே தள்ளும், சுருதி ஏறும். காற்று காய்ந்தால் சுருதி இறங்கும். கட்டைகளுக்கு அடியில் உள்ள கம்பளித்துணி ஊறினால், அழுத்திய கட்டை மேலே வராது.

நம் கடற்கரையில் இதோடு உப்பும் சேர்கிறது. உப்பு ஜாடி மழைக்காலத்தில் நசநசப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைகிறது. கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் உப்புக்கு அதைவிடக் குறைந்த ஈரமே போதும். கம்பிமேல் படிந்த உப்புத்தூசி இப்படிக் கரைந்ததும் துரு ஆரம்பம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் அமைத்ததும், 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் ஓயாமல் பராமரிப்பு கேட்டதும் இந்தக் காற்றால்தான். அதில் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

சரி, ஈரத்தை மனிதன் எப்படிச் சமாளித்தான்?

முதலில் கருவியை மாற்றிப் பார்த்தார்கள். 1825-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஆல்ஃபியஸ் பாப்காக் ஒரே வார்ப்பிலான இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். சட்டம் வளையாது, ஆனால் ஒலிப்பலகை மரமாகவே இருந்தது. ஈரத்தில் வஜ்ஜிரப் பசை இளகிவிடும் என்பதால், வெப்பநாடுகளுக்கு அனுப்பும் பியானோக்களில் இணைப்புகளைத் திருகாணி போட்டு இறுக்கினார்கள். சென்னையில் 1842-இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிப் பின்னாளில் மியூசி மியூசிக்கல் ஆன கடை போன்றவை வழியாக மேற்கத்திய இசைக்கருவிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்தன.

அடுத்து, கருவியையே விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வது. 1875-இல் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையால் துருத்தி போடும் ஆர்மோனியத்தைச் செய்தார். அதில் ஒலிப்பது பித்தளை நாக்கு. ஈரத்தில் அது உப்பாது. விலை குறைவு, தூக்கிச் செல்லவும் எளிது. நம் நாடக மேடைகளில் ஆர்மோனியம் அமர்ந்ததற்கு இவையும் காரணம் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது வழி, காற்றையே மாற்றுவது. 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காகக் குளிர்சாதன அமைப்பை வடிவமைத்தார். ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியதில் வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை என்பதே சிக்கல். ஆக, ஏசி பிறந்தது மனிதனின் சுகத்துக்காக அல்ல, ஈரத்தை அடக்கத்தான்! 1947-இல் அமெரிக்காவில் டேம்ப்-சேசர் நிறுவனம் தொடங்கியது. பியானோவுக்குள் ஒரு சூடேற்றும் தண்டு, அவ்வளவுதான். காற்று லேசாகச் சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம் குறையும் என்ற எளிய விதி.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? பியானோவுக்கு வறண்ட காற்றைவிட மாறாத காற்றே முக்கியம். 40 முதல் 60 சதவீதம் நல்லது என்பார்கள். இரவில் மட்டும் ஏசி போட்டுப் பகலில் கடல் பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால், ஒலிப்பலகை தினமும் ஒருமுறை சுருங்கி ஒருமுறை விரியும். அதைவிட எப்போதும் 60-ஐ ஒட்டி வைத்திருப்பது மேல். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றைப் பியானோ அருகில் வையுங்கள். கடல் பக்கச் சுவரைத் தவிருங்கள், வாசிக்காத நேரத்தில் உப்புத்தூசி படியாமல் மூடி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரமுறிஞ்சும் இயந்திரமோ சூடேற்றும் தண்டோ தேவைப்படும்.

பாம்பன் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்க ரயில்வே இருந்தது. வீட்டுப் பியானோவுக்கு நாம்தான் இருக்கிறோம்.