சிற்பி எழுதிக் கொடுத்த சாசனம்

கிறிஸ்டியானியா, அதாவது இன்றைய ஆஸ்லோ. நூலகம் கட்டுவதற்காக, சிற்பி குஸ்தாவ் விகெலாண்டின் பட்டறையை இடிக்க நகரசபை முடிவு செய்தது. இழுபறிக்குப் பிறகு 1921இல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. நகரசபை புதிய பட்டறையும் வீடும் கட்டித் தரும். பதிலுக்கு, அதுவரை செய்தவை மட்டுமல்ல, இனிச் செய்யப்போகும் படைப்புகளும் ஊருக்கே சொந்தம்!

விகெலாண்ட் 1869இல் மண்டால் என்ற கடலோரச் சிற்றூரில் தச்சர் மகனாகப் பிறந்தவர். மரம் செதுக்கக் கற்றவர். பதின்ம வயதிலேயே தந்தையை இழந்தார். தலைநகரில் பெர்க்ஸ்லியன் என்ற மூத்த சிற்பி ஆதரவு தர, 1889இல் முதல் சிற்பம் கண்காட்சிக்கு வந்தது. பாரிஸில் சிற்பி ரொதானின் பட்டறையைப் பார்த்தார். பிழைப்புக்காக டிரொண்ட்ஹைம் தேவாலயப் புனரமைப்பில் சிலைகள் செய்தார். மனிதரைச் சுற்றி வளைக்கும் இடைக்கால டிராகன்கள் அங்கேதான் அவர் மனதில் புகுந்தன. நோபல் அமைதிப் பரிசின் பதக்கத்தை வடிவமைத்தவரும் இவரே.

ஒப்பந்தத்தின் பலன்தான் ஃப்ரொக்னர் பூங்காவில் உள்ள விகெலாண்டின் சிற்பத் தொகுதி. இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பங்கள்; கிட்டத்தட்ட எவருக்கும் ஆடை இல்லை. நடுவே நிற்கும் 'மொனொலித்' தூணை விகெலாண்ட் முதலில் களிமண்ணில் வடித்தார். இட்டெஃபியோர்டிலிருந்து ஒரே பாறையாக கிரானைட் கல் வந்தது. அதை நிறுத்தி, சுற்றிலும் மரக்கொட்டகை போட்டார்கள். பக்கத்திலேயே முழு அளவு சுதை மாதிரி. அதைப் பார்த்துப் பார்த்து மூன்று கல்தச்சர்கள் 1929 முதல் சுமார் 14 ஆண்டுகள் செதுக்கினார்கள். 14 மீட்டர் உயரத்துக்கு 121 உருவங்கள்: குழந்தையும் கிழவரும் ஒருவர்மேல் ஒருவராகப் பின்னி மேலேறுகிறார்கள். கற்பனை விகெலாண்டுடையது, உளி பிடித்தவை வேறு கைகள். அவர்களுக்கும் இந்தப் புகழில் பங்குண்டு.

1943 மார்ச் 12 அன்று விகெலாண்ட் காலமானார். பூங்கா முழுமை பெற்றதை அவர் பார்க்கவில்லை. திரண்ட தோள்களும் தொடைகளும் கொண்ட இந்த உடல்களில் நாஜிக் கலையின் வாடை அடிக்கிறது என்று போருக்குப் பின் சாடியவர்களும் உண்டு. அந்த விவாதம் ஒருபுறமிருக்க, ஒப்பந்தத்தில் லாபம் ஊருக்குத்தான். இரவோ பகலோ, கட்டணமின்றி யாரும் பூங்காவுக்குள் போகலாம்.

தம்பி எமானுவேலும் கலைஞரே. ஜன்னல்களை அடைத்துத் தனக்கென ஒரு கல்லறை மண்டபத்தையே அமைத்துக்கொண்டவர். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)