விலாசத்திலிருந்து லிமிடெட் வரை



ஜொகூர் மாநிலத்துத் தோட்டப் பள்ளியொன்றில் ஆசிரியப் பணி புரியும் நாங்கள், ஒரு விடுமுறையில் மாணவர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்து வந்தோம். சிராங்கூன் சாலையில் நடந்தபோது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கடைப் பலகைகளை உரக்க வாசித்துக்கொண்டே வந்தான். ஒரு பலகையில் 'அண்டு சன்ஸ்' என்றிருந்தது. அடுத்ததில் 'அண்டு கம்பெனி'. அதற்கடுத்ததில் 'பிரைவேட் லிமிடெட்'.

"சார், நம்ம தோட்டத்துப் பலகையிலே 'பெர்ஹாட்'னு போட்டிருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று கேட்டான்.

ஒன்றுதான். மலாய் மொழியில் 'பெர்ஹாட்' என்றாலும் ஆங்கிலத்தில் 'லிமிடெட்' என்றாலும் பொருள், எல்லை வகுக்கப்பட்டது என்பதே. அவன் விடவில்லை. "எதுக்கு சார் எல்லை?" என்றான். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் முயற்சியே இன்றைய பேச்சு.

எல்லை இல்லாத வாணிகம் எப்படியிருக்கும் என்பதை எங்கள் உறவினர் ஒருவர் வாழ்க்கையில் கண்டோம். இதே சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தொன்றில் அவரும் நண்பர் ஒருவரும் கூட்டாக மளிகைக் கடை நடத்தினார்கள். நண்பர் கடையின் பெயரால் பல இடங்களில் சரக்கைக் கடனாக எடுத்து, வேறொரு தொழிலில் போட்டுத் தோற்று, ஊரை விட்டே போய்விட்டார். கடன்காரர்கள் எங்கள் உறவினர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். "நான் வாங்கவில்லையே" என்ற சொல் செல்லவில்லை. கூட்டு வாணிகத்தில் ஒரு கூட்டாளி கடையின் பெயரால் வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பாளி. அதுவும் தம் சொந்தச் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பாளி. மனைவியின் நகைகள் போயின. ஊரிலிருந்த இரண்டு மா நிலம் போயிற்று. மகளின் மேற்படிப்பு நின்றது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன!

இந்த எல்லையற்ற பொறுப்பில்தான் நம்மவர்களின் பெருவாணிகமும் நெடுங்காலம் நின்றது. 1859-இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பிய நகரத்தார், மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் வைத்து வட்டித் தொழில் நடத்தினார்கள். நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சாய்ப்பெட்டி, ஓர் இரும்புப் பெட்டி. பாயில் அமர்ந்து கணக்கெழுதும் முகவர். கடையின் பெயராக விளங்கியது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த 'விலாசம்'. விலாசத்தின் பின்னே ஒரு குடும்பத்தின் சொத்து முழுவதும் நின்றது. அதுவே அதன் பலம். கெட்ட காலம் வந்தால் அதுவே ஆபத்து.

பொறுப்புக்கு எல்லை வகுக்கலாம் என்று இங்கிலாந்து 1855-இல் சட்டம் செய்தது. பங்கு வாங்கியவர் தம் பங்குத் தொகையோடு நிற்கலாம். அதற்கு மேல் அவர் வீட்டைத் தொட முடியாது. 'இது கடனாளிக்குத் தப்பும் வழி' என்று அன்று பலர் எதிர்த்தார்கள். ஆனால் 1878-இல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தது. அது எல்லையற்ற பொறுப்பில் நடந்த வங்கி. பங்கு வைத்திருந்த 1,819 பேரில் 254 பேரே கடனைத் தீர்த்துத் தலை நிமிர முடிந்தது. மற்றவர்கள் வங்கியின் கடனுக்காகத் தங்கள் உடைமைகளை இழந்தார்கள். அதன் பிறகே, எல்லை என்பது ஏழை எளியவருக்கும் வேண்டிய வேலி என்பதைப் பலர் உணர்ந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரே மாதத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இதைக் காட்டின. 1906 அக்டோபர் 16-இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. முதல் பத்து லட்சம் ரூபாய். அதை ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை எதிர்க்க நாட்டுப்பற்று மட்டும் போதாது, பலருடைய சிறு பணத்தைச் சேர்க்கும் சட்ட வடிவமும் வேண்டும் என்று அந்த வழக்கறிஞர் கண்டார். 25 ரூபாய் கொடுத்தவர் இழக்கக்கூடியது அந்த 25 ரூபாய்தான் என்றால்தானே சிறிய வணிகரும் துணிந்து பங்கெடுப்பார்!

அடுத்த ஆறாம் நாள், அக்டோபர் 22-இல், சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அது கூட்டாளிகள் நடத்திய எல்லையற்ற பொறுப்புள்ள நிறுவனம். பெரிய பெயரை நம்பிப் பலர் சேமிப்பைப் போட்டிருந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். சேமித்தவர்களின் பணமோ முழுதாகத் திரும்பவில்லை. பொறுப்புக்கு எல்லை இல்லை என்று சொன்னாலும், கொடுப்பவரின் பைக்கு எல்லை உண்டல்லவா?

அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் இந்தியன் வங்கி. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைக்க, நகரத்தார் செல்வர்கள் துணை நிற்க, 1907 ஆகஸ்ட் 15-இல் அது தொடங்கிற்று. 1941-இல் சிங்கப்பூருக்கும் வந்தது. 1937 பிப்ரவரி 10-இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தார். விலாசத்தில் வளர்ந்தவர்களே லிமிடெட்டுக்கு மாறினார்கள் என்பது நாம் கருதத்தக்கது.

சுதேசிக் கம்பெனியின் முடிவு நாம் அறிந்ததே. கட்டணப் போட்டி, 1908-இல் வ.உ.சி. சிறைப்படல் என்று இடி மேல் இடி விழுந்து, 1911-இல் அது கலைக்கப்பட்டது. பங்குதாரர் பணம் போயிற்று. ஆனால் கம்பெனிக் கடனுக்காக அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டச் சட்டத்தில் இடமில்லை.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே இன்று நடைமுறையில் உள்ள கம்பெனிகள் சட்டம் 1967-இல் இயற்றப்பட்டது. மலேசியாவின் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது அது. கம்பெனி என்பது தனியொரு 'ஆள்' என்பதே அதன் அடிப்படை. லண்டனில் காலணி செய்து விற்ற ஆரன் சாலமன் என்பவர் வழக்கில் 1896-இல் பிரபுக்கள் சபை இதை உறுதி செய்தது. கடையை நடத்துபவர் வேறு, கம்பெனி வேறு. கம்பெனியின் கடன் கம்பெனிக்கே.

அந்தப் புதிய 'ஆளை'ப் பிறப்பிக்க முன்பு குறைந்தது இரண்டு பங்குதாரர் வேண்டும். 2004-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவரே போதும் என்றாக்கியது. முதலில் பெயருக்கு ஒப்புதல் பெற வேண்டும். அதற்குக் கட்டணம் 15 வெள்ளி. பதிவுக்கு 300 வெள்ளி. போடும் முதல் ஒரு வெள்ளியாகவும் இருக்கலாம். சிங்கப்பூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும்; பதிவு அலுவலக முகவரி வேண்டும்; ஆறு மாதத்திற்குள் செயலாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். இயக்குநர் ஒருவரே என்றால் செயலாளராக வேறொருவர் இருத்தல் வேண்டும். கம்பெனியின் விதிகளை எழுதிப் பதிய வேண்டும். தனியார் கம்பெனியில் பங்குதாரர் 50 பேருக்கு மேற்படக் கூடாது. இவையெல்லாம் இன்று கணினி வழியாகவே நடைபெறுகின்றன.

இவ்வளவு எளிதா என்று மகிழ்வதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு வேலியாக நிற்பது கடன் கொடுத்தவருக்குச் சுவராக நிற்கிறது. கம்பெனி விழுந்தால் அரிசி கொடுத்த வணிகருக்கும், மாதச் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கும் பாக்கி நின்றுவிடும். கம்பெனியைக் கலைக்கும்போது தொழிலாளர் சம்பளத்திற்குச் சட்டம் முன்னுரிமை அளிக்கிறது. ஆயினும் அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. கம்பெனியின் பெட்டியே காலியாக இருந்தால் முன்னுரிமையால் என்ன பயன்?

ஆகவேதான் சட்டம் சில கடமைகளை விதிக்கிறது. 'லிமிடெட்' என்ற சொல்லைப் பெயரோடு சேர்த்து எழுத வேண்டும். அது பெருமைக்குச் சூட்டிய பட்டமன்று; 'எங்கள் பொறுப்பு இந்த அளவோடு நிற்கும், அறிந்து கடன் கொடுங்கள்' என்ற அறிவிப்பு. ஆண்டுதோறும் பதிவாளருக்கு விவரம் அளிக்க வேண்டும். சிறு கட்டணம் செலுத்தி எவரும் அதைப் பார்க்கலாம். ஏமாற்றும் நோக்கத்துடன் நடத்திய இயக்குநரை வேலி காக்காது. நீதிமன்றம் அவரையே பொறுப்பாக்க முடியும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சிறிய கம்பெனி வங்கியில் கடன் கேட்டால், இயக்குநரின் சொந்த ஜாமீனையும் வங்கி பெரும்பாலும் கேட்கும். அதில் கையெழுத்திட்டவர் அந்தக் கடனுக்கு வேலியைத் தாமே திறந்து விடுகிறார். எனவே கையெழுத்திடும் முன் வீட்டாரிடம் சொல்லுங்கள். கம்பெனிப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே பையில் போடாதீர்கள்.

எங்கள் மாணவனுக்கு அன்று தெருவோரத்தில் நின்று சொன்ன விடை இதுதான்: "தொழில் விழுந்தாலும் குடும்பம் விழாமல் இருக்கத்தான் தம்பி அந்த எல்லை."

அவன் சற்று யோசித்தான். "அப்போ அந்தப் பலகையைப் பார்க்கிறவங்கதான் சார் கவனமா இருக்கணும்" என்றான்.

இரண்டும் உண்மைதான். பலகையை எழுதுகிறவரும் அதை வாசிக்கிறவரும் அந்த ஒரு சொல்லின் பொருளை அறிந்திருந்தால், எங்கள் உறவினர் வீட்டில் நின்ற படிப்பு இன்னொரு வீட்டில் நிற்காது.